சுவருக்கு இந்தப் பக்கம்

மூன்று முப்பத்திரண்டு. விசில் ஊதி இரண்டு நிமிஷம் ஆகிவிட்டது, பலகைச் சத்தம் இன்னும் வரவில்லை, வரவேண்டாம், இப்படியே ஓடட்டும். கோல் வலைக்குள்ளே தரையை ஒட்டி ஒரு முழ உயரத்துக்குப் பலகை வைத்திருப்பார்கள். பந்து உள்ளே போனால் அதில் மோதும். மட்டையில் பந்து பட்டால் டக். மட்டையும் மட்டையும் மோதினால் சடசட. பலகையில் பட்டால் தடார், அது வேறு எதோடும் கலக்காது. ஸ்டேடியத்துச் சுவருக்கு இந்தப் பக்கம், இந்த வேப்பமரத்தடியில் நின்று பத்தொன்பது வருஷமாகக் கேட்கிறேன். மேற்கே தடார் என்றால் எங்களுக்கு விழுந்தது, கிழக்கே தடார் என்றால் நாங்கள் போட்டது. முதல் பாதி வரைக்கும் அப்படி. இன்றைக்குத் தோற்றால் வளர்பிறை ஹாக்கி கிளப் முதல் டிவிஷனிலிருந்து இறங்கிவிடும். டிரா செய்தால் போதும், ஒரு பாயிண்ட், தப்பித்துவிடுவோம். நாற்பத்தொரு வருஷமாக இறங்காத கிளப். இந்த சீசனில் பத்து ஆட்டம் ஆடியாயிற்று, ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் என் பழைய இடத்தில் இப்போது டைம் கீப்பராக இருக்கிற பையன்கூட, “அண்ணாச்சி, ஒங்க தேய்பிறைக்கு இன்னைக்கு மேட்ச்சாமே” என்கிறான். சிரித்துக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்ய. கடலைக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சுடலைவடிவு என்னைப் பார்க்கிறாள். அவித்த கடலையின் ஆவி உப்பு வாசனையோடு வருகிறது. “என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் சுவத்துக்குத்தான் காவலா? அது எங்கயும் ஓடிராது, உள்ள போயிப் பாருங்க.” “நான் பாத்தா தோத்துருவாங்க தாயி.” “நீங்க பாக்காமலேதான் வரிசையா தோக்காங்க. அதுக்கு என்ன சொல்லுதீய?” அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் இருக்கிறது. முதல் ஆட்டத்தில் சுவரில் செங்கல் பெயர்ந்த ஓட்டை வழியாக ஒரு நொடி பார்த்துவிட்டேன். மூன்றாவதில் கேட் திறந்திருந்தது. ஆறாவதில் எதிரே நின்ற காரின் கண்ணாடியில் எங்கள் பச்சைச் சட்டை ஒன்று ஓடியது தெரிந்தது, கண்ணாடியில் பார்த்தாலும் பார்த்ததுதானே. மற்ற ஏழுக்கும் காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன். இதை அவளிடம் சொல்ல முடியுமா. “ஒரு பொட்டலம் குடு” என்றேன். இன்னும் பிரிக்கவில்லை, கையில் சூடாக இருக்கிறது.

நான் கேட்டு வாங்கிக்கொண்ட ராசி இல்லை இது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஃபைனல், இரண்டுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தோம். டூட்டி முடித்து ஓடிவந்து நான் காலரியில் உட்கார்ந்தபோது இருபது நிமிஷம் பாக்கி, அந்த இருபது நிமிஷத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். அடுத்த மாசம் இன்னொரு ஆட்டம், நாங்கள் ஒரு கோல் பின்னால். ஐந்தே காலுக்கு ராஜபாளையம் வண்டியை அனுப்பவேண்டும் என்று பாதியில் எழுந்து போனேன். வண்டி கிளம்பிய கையோடு ஆள் வந்து சொல்கிறான், ஜெயித்துவிட்டோம் என்று. மூன்றாவது தடவை தேவசகாயம்தான் ஆரம்பித்தான். தையல்காரன், கிளப்புக்கு சட்டை தைப்பவன், அந்த வாய்க்கு ஊசி நூல் போட இன்னும் ஆள் பிறக்கவில்லை. எதிரணி கோல் போட்டதும் எழுந்து நின்று, “டைம் கீப்பரே, பஸ்ஸுக்கு நேரமாச்சு வே!” என்று கத்தினான். காலரியே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே வெளியே போனேன், போன மூன்றாம் நிமிஷம் கிழக்கே தடார். அதோடு முடிந்தது. அதற்கப்புறம் நாங்கள் பின்னால் போகும்போதெல்லாம் நூறு குரல், “பஸ்ஸுக்கு நேரமாச்சு, பஸ்ஸுக்கு நேரமாச்சு!” நான் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினால் கைதட்டல். மைதானத்தில் ஆடியவர்களுக்குக்கூட அப்படிக் கைதட்டியதில்லை. ஒரு மனிதனுக்கு அது போதாதா, தான் எழுந்து போவதால் ஊருக்கு நல்லது நடக்கிறது என்றால். பிறகு யாரும் சொல்லாமலே முதலிலிருந்தே வெளியே நிற்க ஆரம்பித்தேன். என் மனைவி சீத்தாலட்சுமி மட்டும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல். “நீங்க பாக்காட்டா ஜெயிப்பாங்கன்னா, நீங்க வீட்ல இருந்தாலும் ஜெயிப்பாங்கல்ல? எதுக்கு மெனக்கெட்டுச் சுவத்துக்குப் பின்னால போயி நிக்கீக?” “பக்கத்துல இருக்கணும்லா.” “பக்கத்துலயும் இருக்கணும், பாக்கவும் கூடாது. நல்ல மனுசன்.” அரிவாள்மனையில் சர் சர் என்று கத்தரிக்காய் போகும். பக்கத்தில் இருக்கவேண்டும், பார்க்கக்கூடாது. அவள் சொன்னபோது சிரிப்பாக இருந்தது. மேற்கே, தடார். ஐயோ. மூன்று நாற்பத்தொன்று. மேற்கேதான். சந்தேகமே இல்லை, அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கூட்டம் கத்துகிறது, எங்கள் கூட்டமாக இருந்தால் இன்னும் கட்டையான குரல். பூஜ்யத்துக்கு ஒன்று. நான் பார்க்கவில்லையே. கடலைப் பொட்டலத்தைத்தானே பார்த்துக்கொண்டு நின்றேன். நினைப்பதும் கணக்கா, அவளை நினைத்தது கணக்கா.

நான்கு ஐந்து. பாதி நேரம். அதே ஒன்று. தேவசகாயம் உள்ளேயிருந்து சுவரோரமாக வந்து கல்லின்மேல் ஏறித் தலையை நீட்டுகிறான், எப்போதும் செய்வதுதான், பார்க்காத எனக்கு அவன் வாய்தான் கண். “எத்திராஜு, ஓய், இருக்கீரா? நம்ம கோலி ரெண்டு காப்பாத்தினான், மூணாவது போயிட்டு. பயலுக நல்லாத்தான் ஆடுதானுவ. ஆளுதான் இல்ல. காலரில முப்பது பேரு தேற மாட்டான் வே.” “முப்பதா?” “அதுல பாதி எதிரணிக்காரன். பாவம், ஞானதுரை கெடந்து கத்துதான், ஒரு முழங்காலுக்கு ரெண்டு கட்டுப் போட்டுக்கிட்டு.” ஞானதுரை எங்கள் கேப்டன். முப்பத்தைந்து வயது, பெட்ரோல் பங்கில் வேலை, இன்றைக்கோடு ஆடுவதை நிறுத்துகிறான். நேற்று வண்டிக்குப் பெட்ரோல் போடப் போனபோது குழாயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான். “அண்ணாச்சி, பதினேழு வருசம் ஆடியிருக்கேன். நான் ஆடி நீங்க ஒரு தடவ பாத்ததில்ல. நாளைக்காவது உள்ள வாங்களேன்.” “தோத்துட்டா?” “தோத்தா தோக்கோம். நீங்களா பந்தைத் தள்ளுதீங்க?” அவன் சிரித்தான், நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. எண்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் ஆஸ்பத்திரி ஞாபகம்தான். ஏழு மாசமாக. சீத்தாலட்சுமியின் தலைமாட்டில் ஒரு பெட்டி, அதில் பச்சையில் ஓர் எண். மூச்சுக்கு எண் போட்டு அங்கேதான் பார்த்தேன். நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது என்றார்கள், பதினோரு நாள். தொண்ணூற்று நான்குக்கு மேல் இருந்தால் நல்லது என்று நர்ஸ் பெண் சொல்லிவிட்டுப் போனாள். சொல்லியிருக்க வேண்டாம், சொன்னதிலிருந்து நான் அதை மட்டுமே பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தொண்ணூற்றொன்று, தொண்ணூறு, நான் பார்க்கப் பார்க்க இறங்கியது. டீ வாங்கக் கீழே போனேன். திரும்பி வந்தால் தொண்ணூற்று மூன்று. டீ தளும்பிச் சட்டையில் கொட்டியது, மகள் இந்துமதி என்னப்பா என்றாள், ஒன்றுமில்லை என்றேன். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருஷமாகத் தெரிந்த விஷயம்தானே.

விசில். நான்கு பன்னிரண்டு. மூன்றாவது கால் பகுதி. கடலை ஆறிவிட்டது. வேப்பம்பழம் ஒன்று தோளில் விழுந்து உருண்டு போகிறது. டக், டக், டக், பந்து நம் பக்கம் நகர்கிறது, யாரோ “வலது, வலது” என்கிறார்கள், ஞானதுரையின் குரல், நான் அவனைக் குரலாகத்தான் அறிவேன், அவன் ஓடினால் எப்படி இருக்கும், குனிந்தா நிமிர்ந்தா, தெரியாது. ஒரு மனிதன் பதினேழு வருஷம் ஆடியிருக்கிறான். அந்தத் தொண்ணூற்று மூன்றைப் பார்த்த பிறகு ஆஸ்பத்திரியில் நான் என்ன செய்தேன் என்றால், அரை மணி உள்ளே, அரை மணி வெளியே. பிறகு பத்து நிமிஷம் உள்ளே. பிறகு எட்டிப் பார்த்துவிட்டு உடனே வெளியே. எண் ஏறும்போது நான்தான் ஏற்றினேன் என்றிருந்தது. இறங்கும்போது இன்னும் சரியாக வெளியே போகவில்லை என்றிருந்தது. படிக்கட்டுப் பக்கம் சிவப்பு வாளியில் மணல் தொங்கும், அதற்கெதிரே சுவரைப் பார்த்து நின்றுகொள்வேன். வெள்ளைச் சுவர், ஓர் ஆள் உயரத்துக்கு அழுக்கு, வருகிறவர் போகிறவர் சாய்ந்த எண்ணெய்க் கறை. அந்தக் கறையில் ஓர் ஆட்டின் தலை போலத் தெரியும். பக்கத்தில் இருக்கவேண்டும், பார்க்கக்கூடாது. அவள் என்ன நினைத்தாள். இந்த மனுசன் ஏன் உட்காரமாட்டேன் என்கிறார் என்று நினைத்திருப்பாள். ஒன்பதாம் நாள் முகமூடியை ஒதுக்கிவிட்டு, “எங்க போறீக?” என்றாள். “இந்தா, வந்துர்றேன்.” “ஒக்காருங்களேன்.” “வந்துர்றேன்மா.” தடார். மேற்கே. மேற்கே! போச்சு, இரண்டு, முடிந்தது. கூட்டம் கத்துகிறது, முப்பது பேர், கட்டையான குரல், கட்டையான குரலா? இரு. இரு. பாதி நேரம் ஆகிவிட்டது. பக்கம் மாறியாயிற்று. இப்போது மேற்கு எங்களுடையது இல்லை, மேற்கே விழுந்தால் நாங்கள் போட்டது. நாற்பது வருஷம் பஸ் அனுப்பினவன், எந்த வண்டி எந்தப் பக்கம் போகும் என்பதை மறந்துவிட்டேன். சுவருக்கு மேல் தேவசகாயத்தின் தலை. “போட்டாச்சு வே! ஒண்ணுக்கு ஒண்ணு! அங்கேயே நில்லும், அசையாதீரும்!” சுடலைவடிவு தராசுத் தட்டில் தட்டிச் சத்தம் எழுப்புகிறாள். “பாத்தீயளா அண்ணாச்சி, இனி ஏவாரம் ஆகும்.” சிரிக்கிறேன். அங்கேயே நில்லும். அசையாதீரும்.

நான்கு முப்பத்தைந்து. கடைசிக் கால் பகுதியில் ஆறு நிமிஷம் போய்விட்டது, ஒன்பது பாக்கி. ஒன்றுக்கு ஒன்று. இப்படியே முடிந்தால் தப்பித்தோம். எதிரணி அலை அலையாக வருகிறது, டக் சத்தமெல்லாம் கிழக்கே, எங்கள் கோல் பக்கமே கேட்கிறது. கால் அசையவில்லை, நான் அசைக்கவில்லை. அன்றைக்கும் அசைக்கவில்லை. பதினோராம் நாள் மத்தியானம், எண் எண்பத்து நான்கு. மகளிடம், நீ இரு நான் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வாளிக்கு எதிரே போய் நின்றேன். மூன்று ஐந்து இருக்கும். சுவரில் ஆட்டின் தலை. பின்னால் யாரோ ஓடினார்கள், ரப்பர் செருப்பு, ஒரு சோடி, பிறகு இரண்டு சோடி, ஒரு வண்டியின் சக்கரம். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். எந்த அறைக்குப் போகிறார்கள் என்று சத்தத்திலேயே தெரிந்தது. அப்போதும் திரும்பவில்லை. இப்போதுதான் திரும்பக்கூடாது, இந்த நேரத்தில்தான் முக்கியமாகத் திரும்பக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், கழுத்து வலித்தது, அவளுக்காக வலித்தது. இந்துமதி வந்து தோளைத் தொட்டாள். “எங்கப்பா போனீங்க? அம்மா ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க.” எத்தனை தடவை கேட்டாள் என்று நான் மகளிடம் இதுவரை கேட்கவில்லை. ஒரு தடவையா, இரண்டா. அப்பாவுக்குப் பார்க்கத் தைரியம் இல்லை என்று இந்துமதி சொந்தக்காரர்களிடம் சொன்னாள், எல்லாரும் பாவம் என்றார்கள். தைரியம் இல்லாமலா. நான் சீத்தாலட்சுமியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பார்த்தால் இறங்கும் என்பது உண்மை என்றால், நான் விலகி நின்றது அவளுக்குச் செய்தது, என்னால் முடிந்த ஒரே காரியம், அது பலிக்கவில்லை, அவ்வளவுதான். உண்மை இல்லை என்றால்? பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பது தேவசகாயத்தின் வெறும் கேலி என்றால், எண் தானாக ஏறித் தானாக இறங்கியது என்றால், நான் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். எட்டடி தூரத்தில். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் காலியாக இருந்தது. இதோ இதனால்தான் கால் அசையமாட்டேன் என்கிறது. தோற்றுவிடுவார்கள் என்றா பயம்? தோற்றால் எனக்கு நல்லது, அட பாவி, அதுதான் உண்மை, நான் உள்ளே போய் அவர்கள் தோற்றால் எனக்கு நல்லது. நான் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் தப்பித்துவிட்டால்? அதற்கப்புறம் நான் எங்கே போய் நிற்பேன். நான்கு நாற்பத்திரண்டு. தேவசகாயம் தலையை நீட்டவில்லை. சுவருக்கு உள்ளே சத்தமே இல்லை, டக் இல்லை, குரல் இல்லை. பெனால்டி கார்னராக இருக்கும், எங்கள் கோலுக்கு. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்த அமைதி எனக்குத் தெரியும். செருப்புச் சத்தமெல்லாம் அறைக்குள் போய் நின்ற பிறகு வந்த அமைதி இதுதான். பொட்டலத்தைச் சுடலைவடிவின் கூடையில் வைத்தேன். “எங்க போறீய அண்ணாச்சி?” என்றாள். அவளும் அதையேதான் கேட்கிறாள். “உள்ள” என்றேன்.

கேட்டிலிருந்து காலரிக்கு இருபத்திரண்டு படி, மறந்துபோன படி, முழங்கால் சொடுக்குகிறது. மேலே வந்தால் வெளிச்சம் கண்ணை அடிக்கிறது. இத்தனை நீலமாகவா தரை போட்டிருக்கிறார்கள். நான் செம்மண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தேவசகாயம் திரும்பிப் பார்க்கிறான், வாய் திறந்தபடி நிற்கிறது. “ஓய்! இங்க என்னத்துக்கு வந்தீரு? போரும் வே, அரை நிமிசம்தான் கெடக்கு!” பின்வரிசையில் எவனோ, “அண்ணாச்சி, பஸ்ஸுக்கு நேரமாச்சு!” என்கிறான். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் உட்கார்ந்தேன். சிமெண்டுச் சூடு வேட்டி வழியாக ஏறுகிறது. பந்தைத் தள்ளுகிறார்கள், நிறுத்துகிறார்கள், அடிக்கிறார்கள், எங்கள் கோலி காலை நீட்டுகிறான், பந்து தெறித்து மறுபடி ஒருவன் காலில் பட்டு, விசில், மறுபடி கார்னர். “நேரம் முடிஞ்சு போச்சு” என்கிறான் தேவசகாயம், “இது ஒண்ணுதான். இது முடிஞ்சாத்தான் முடியும். கண்ண மூடிக்கிடும், ஒம்ம காலப் புடிக்கேன், கண்ணையாவது மூடும்.” கோல் கோட்டில் மட்டையைத் தரையோடு வைத்துக் குனிந்து நிற்கிற உயரமான ஆள், முழங்காலில் இரண்டு கட்டு. ஞானதுரை. தலை முன்வழுக்கை. ஒரு தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. இப்படியா நீ இருப்பாய். கண்ணை மூடவில்லை. இமைக்கக்கூட இல்லை, எரிகிறது. பந்து வந்தது, நின்றது, எதிரணிக்காரன் ஒருவன் அடித்தான். நான் காதைத் தீட்டினேன், பழக்கம். டக். தடார் இல்லை. கோட்டின் மேலேயே ஞானதுரை மட்டையால் நிறுத்திவிட்டான், நான் பார்த்தேன், நிறுத்தித் திரும்பி வெளியே அடித்தான், பந்து நீலத்தின் மேல் உருண்டு உருண்டு கம்பிவலையில் போய் நின்றது. நீண்ட விசில். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. தேவசகாயம் என்னைக் கட்டிக்கொள்கிறான், கன்னத்தில் தாடி குத்துகிறது. பதினைந்து பேர் நூறு பேர்போலக் கத்துகிறார்கள். “தப்பிச்சிட்டோம்! டைம் கீப்பர் ராசி மாறிப்போச்சுடோய்!” எவனோ என் தலையைத் தடவுகிறான். ராசி மாறவில்லையடா. ராசி என்று ஒன்று இருக்கவே இல்லை. என் முகம் நனைந்திருப்பதை தேவசகாயம் அப்போதுதான் பார்க்கிறான். “என்ன வே இது, சின்னப் பிள்ளை மாதிரி. ஜெயிச்ச மாதிரிதானே, எதுக்கு அழுதீரு?” எட்டடி தூரம் வே என்று சொல்ல வந்தேன். சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன். கீழே ஞானதுரை மட்டையை ஊன்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறான், நிமிர்ந்து காலரியைப் பார்க்கிறான், என்னைப் பார்த்துவிட்டான், கையைத் தூக்குகிறான். நானும் தூக்கினேன். கூட்டம் இறங்கிப் போகிறது. எண் பலகையிலிருந்து ஒன்றையும் ஒன்றையும் கழற்றுகிறார்கள், இரண்டு வெறும் ஆணி தெரிகிறது. இன்றைக்கு இந்துமதிக்குப் போன் செய்யவேண்டும். அம்மா எத்தனை தடவை கேட்டாள் என்று கேட்கவேண்டும். தேவசகாயம் இரண்டு படி இறங்கி நின்று திரும்புகிறான். “வாரும், டீ குடிப்போம். இனி இங்க பாக்க என்ன இருக்கு?” “நீரு போரும்.” “வரலியா?” “இல்ல, ஒக்காந்திருக்கேன்” என்றேன்.